எதுக்குப் பதில் எது

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவள் முன்னால் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் உடனே கேட்பாள்: "சரி. எதுக்குப் பதில் எது?"

கேட்டுவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டாள். கையில் கிடைத்த தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு கிழிப்பாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்றாலும் விடமாட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாம் சொன்ன முதல் விஷயம், அந்தப் பக்கம் இரண்டாவது விஷயம். இதற்கு அது, அதற்கு இது என்று அம்பு போட்டுக்கொண்டே வருவாள். எங்காவது ஓர் அம்பு போய்ச் சேர இடமில்லாமல் நின்றால், தாளை நம் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

முதுகலைக் கணிதத்தில் நாங்கள் பதினோரு பேர். ஒருநாள் ஒருவன், "நம்ம காலேஜும் ஜெயிலும் ஒண்ணுதாம்ல" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவள் கோடு கிழித்தாள். வார்டனுக்கு வார்டன், சாப்பாட்டுக்குச் சாப்பாடு, மணிக்கு மணி. அம்புகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் பென்சிலை நிறுத்தினாள்.

"ஜெயில்ல தண்டனை முடிஞ்சா வெளிய விட்டுருவாங்க. ஒனக்கு ஏழு அரியர் இருக்கு. எதுக்குப் பதில் எதைப் போட?"

அவன் அதற்குப் பிறகு அவள் இருக்கும் பக்கம் உவமை சொல்லவில்லை.

எனக்கு அந்தப் பழக்கம் முதலில் எரிச்சலாக இருந்தது. எங்கள் ஊர் வீரகேரளம்புதூருக்குப் பக்கத்தில். என் அப்பா எலுமிச்சை மண்டியில் மூட்டை ஏற்றுபவர். கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்த படிப்பு மனப்பாடம். இரண்டு அமைப்புகள் எப்போது ஒன்று என்று சொல்லும் ஐசோமார்பிசத்துக்கு வரைவிலக்கணம் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு மூச்சில் ஒப்பித்துவிடுவேன். ஒப்பித்தேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நல்லாத்தான் சொல்லுத. நாலு உறுப்பு உள்ள குரூப் எத்தனை வகைல?"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு? நாலுன்னா எல்லாம் நாலுதானே?"

ரெண்டு என்று புத்தகத்தில் இருந்தது.

ஓய்வறையில் ஒரு கேரம் போர்டு உண்டு. அதைத் தரையில் இழுத்துப் போட்டாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தோழியின் நீளமான டிபன் பாக்ஸை மூடித் தூக்கிக்கொண்டாள். "ஏட்டி, உள்ள மோர்க்குழம்பு இருக்குட்டி!" என்று அந்தப் பெண் கத்தினாள். இவள் காதில் வாங்கவில்லை.

கேரம் போர்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பினால் நாலு நிலை. டிபன் பாக்ஸை நீளவாக்கில் புரட்டலாம், அகலவாக்கில் புரட்டலாம், கிடந்தபடியே அரைச் சுற்று சுற்றலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம். அதுவும் நாலு. ஆனால் டிபன் பாக்ஸில் எந்தக் காரியத்தை இரண்டு தரம் செய்தாலும் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. கேரம் போர்டைக் கால் சுற்று வீதம் இரண்டு தரம் திருப்பினால் நம் பக்கம் எதிராளி முன்னால் போய் நிற்கிறது.

"எண்ணிக்கை சரியா இருந்தாப் போதாதுல. இங்கன ரெண்டு பேரு சேந்து என்ன செய்யுதாங்களோ, அங்கன அவங்களுக்குப் பதிலா நிக்குத ரெண்டு பேரும் சேந்து அதையேதான் செய்யணும். அப்பத்தான் ஒண்ணு."

மோர்க்குழம்பு தரையில் ஒழுகியிருந்தது. அதைத் துடைத்தவனும் நான்தான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகக் கணக்கு என்றால் என்னவென்று தெரிந்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அந்த வருடம் வேதியியல் துறையிலிருந்து கொஞ்சம் படிகாரமும் கொஞ்சம் குரோம் படிகாரமும் வாங்கி வந்தாள். அவர்களிடமும் ஐசோமார்பிசம் என்று இதே பெயரில் ஒரு பாடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டாளாம். படிகாரம் நிறமற்றது. குரோம் படிகாரம் கருநாவல் நிறம். ஒன்றில் அலுமினியம் இருக்கிற இடத்தில் மற்றதில் குரோமியம் இருக்கிறது. மற்றபடி இரண்டின் அடுக்கும் ஒன்று, கோணங்களும் ஒன்று. நாவல் நிறப் படிகம் ஒன்றை நூலில் கட்டி, படிகாரம் கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டாள். சில நாளில் கருப்பின் மேல் கண்ணாடி வளர்ந்தது. விளிம்புக்கு விளிம்பு, முகத்துக்கு முகம், ஒரே வடிவம்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன். நிறம் நன்றாக இருக்கட்டுமே என்று மயில்துத்தக் கட்டி ஒன்றை நூலில் கட்டி அதே படிகாரத் தண்ணீரில் போட்டேன். மறுநாள் டம்ளரில் நீலத் தண்ணீரும் வெறும் நூலும் இருந்தன.

"எல்லாம் கல்லுதானேன்னு போட்டியா?" என்று சிரித்தாள். "படிகத்துக்கு நிறம் முக்கியமில்ல. வாரது யாருன்னும் பாக்காது. அந்த இடத்துக்கு அளவு சரியா, மின்னூட்டம் சரியா, அவ்வளவுதான். சரின்னா உக்காத்தி வச்சிரும்."

அவள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில். அப்பா தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். பழைய பதிவேடுகளைக் கட்டிக் கட்டி அடுக்கி வைத்து, கேட்கிறபோது எடுத்துத் தருகிற வேலை. அம்மா வீட்டில். தம்பி அப்போது பதினொன்றாம் வகுப்பு.

அந்த வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு நாங்கள் இருவரும் எழுதியிருந்தோம். நேர்காணல் இணையத்தில் நடந்தது. எங்கள் ஊரில் சிக்னல் நிற்காது என்பதால் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினேன். பாதியில் சாரல் வந்துவிட்டது. அவள் அப்பா குடையோடு மேலே வந்தார். அவருக்கு நான் யாருடன் என்ன பேசுகிறேன் என்று ஒன்றும் புரிந்திருக்காது. அரை மணி நேரம் என் போனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நனைந்தார்.

எங்கள் பிரிவில் ஒரே ஓர் இடம். பட்டியலில் அவள் முதலில். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

"நான் போவலைன்னா எனக்குப் பதில் நீ" என்று சொல்லி, காற்றில் ஓர் அம்பு போட்டாள். "ஆனா நான் போவேனே!"

அவள் பதில் அனுப்பக் கெடு முடிவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் அப்பா இறந்தார். பதிவறையில் ஏணியிலிருந்து இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

துஷ்டி வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. ஆனால் ஒருவருக்குத்தான். ஒருவர் வாங்கிவிட்டால் மற்றவருக்குக் கிடையாது. பெரியப்பா ஒருவர் அவள் தலையைத் தடவி, "இனி இந்த வீட்டுக்கு அப்பன் ஸ்தானம் நீதாம்மா" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோடு கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்துகொண்டாள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"பதினாறு கழியாம நான் வாசல் தாண்டக் கூடாதுன்னு சொல்லுதாங்க. அம்மையும் அழுவுதா. நீ அப்பா ஆபீஸ்ல போயி ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வாயேன். தம்பிக்கு வயசு வார வரைக்கும் அந்த வேலை நிக்குமான்னு. நின்னா நான் படிக்கப் போயிருதேன். கொஞ்ச நாளைக்கு அம்மைக்குப் பென்சன் போதும். நிக்காதுன்னா நான் சேந்துருதேன்."

போனேன். அவள் அப்பாவோடு இருபது வருடம் வேலை பார்த்த எழுத்தர் ஒருவர் இருந்தார். எனக்கு டீ வாங்கித் தந்து, நிதானமாகச் சொன்னார்:

"அந்த வேலைக்குக் கெடு ஒண்ணு இருக்கு தம்பி. ஆனா அதுக்குள்ள அந்தப் பயலுக்குப் பதினெட்டு ஆயிருமே. நான் கணக்குப் பாத்துட்டேன். அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி இப்பவே ஒரு மனுவைப் போட்டு வச்சிருங்க. அந்தப் பிள்ளை படிக்கப் போவட்டும். அவரு இந்த ஆபீஸ்ல அதைச் சொல்லாத ஆளு கிடையாது, எம் மவ டாக்டரு ஆவப் போறா, ஊசி போடாத டாக்டருன்னு."

திரும்பி வரும்போது தென்காசியில் பஸ் ஏறி, அவள் வீட்டு நிறுத்தத்தில் இறங்கினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் நான் எதையும் திட்டமிடவில்லை. இதை யாரும் நம்ப வேண்டும் என்று எழுதவில்லை. என் அப்பா எலுமிச்சை மூட்டை ஏற்றும்போது முதுகை எப்படி வளைப்பார் என்பது மட்டும் கண்ணில் வந்துகொண்டே இருந்தது. ஒரு முறை அல்ல, நிறுத்தம் வரும்வரை.

அவள் கதவருகே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"கெடு இருக்காம்."

"தம்பிக்கு?"

"அவன் மைனர்லா."

இரண்டும் உண்மை. கெடு இருந்தது. அவன் மைனர்.

வேறு எந்த நாளாக இருந்தாலும், எத்தனை நாள் கெடு, அவனுக்கு எத்தனை மாதம் பாக்கி என்று ஒரு தாளில் கோடு போட்டிருப்பாள். அன்று போடவில்லை. "சரில" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். துஷ்டி வீட்டில் காப்பி வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குடித்தேன்.

அவள் நிறுவனத்துக்கு எழுதினாள். பத்து நாளில் எனக்குக் கடிதம் வந்தது. எங்கள் ஊரில் டிஜிட்டல் பேனர் வைத்தார்கள். அதில் என் படத்தோடு எலுமிச்சை வியாபாரிகள் நால்வர் படமும் இருந்தது. வடக்கே போகும் ரயிலில் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகும் எதற்கும் சரியாக வரவில்லை.

அவளுக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. உட்கார வைத்தது அதே பதிவறையில். அதற்குக் காரணம் இருந்தது. அப்பா போனதிலிருந்து அந்த அறையில் ஒரு காகிதமும் யாருக்கும் அகப்படவில்லை. அவர் எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த நோட்டு ஒன்று இருந்தது. அதில் வரிசை எண்ணுக்கு எதிரே "தேன்", "செண்பகா", "பேரு", "ஐந்து", "பழசு" என்று மட்டும் இருந்தது. பாவம், மனுசன் எந்த அருவியில் எப்போ தண்ணி விழுந்ததுன்னு குறிச்சு வச்சிருக்காரு என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்களாம். குற்றாலத்துக்காரர், எழுதக்கூடியவர்தான்.

இதை எல்லாம் அவளே போனில் சொன்னாள். நான் போன முதல் வருடம் அவ்வப்போது பேசுவோம். அவள்தான் கூப்பிடுவாள்.

"அருவிக்குப் பதில் அலமாரின்னு பாத்தேன்ல. சரியா வரல. அலமாரி பதினாலு, அருவி அவ்வளவு இல்ல. ரெண்டு நாளு மண்டைய ஒடச்சேன். பொறவுதான் தோணுச்சு, ஆளை எண்ணக் கூடாது, நடுவுல என்ன ஓடுதுன்னு பாக்கணும். தேனருவித் தண்ணி செண்பகாதேவிக்கு வருது. செண்பகாதேவியில இருந்து பேரருவிக்கு வருது. இங்கன மூலப் பதிவேடு, அதுல இருந்து மாறுதல் பதிவேடு, அதுல இருந்து நடப்புப் பதிவேடு. எங்க அப்பா அறை பூராம் தண்ணி ஓட விட்டிருக்காருல! ஐந்தருவி தனி ஓடைலா? வழக்குக் கட்டெல்லாம் அங்கன தனியா. பிரிஞ்சு போன தாலுகாவோட பழைய கட்டெல்லாம் பழைய குத்தாலம். எட்டாங்கிளாஸ் படிச்ச மனுசன். ஐசோமார்பிசம்னு சொன்னா, என்ன மாத்திரைம்மா அதுன்னு கேப்பாரு."

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "அருமை" என்றேன். அன்றைக்கு மாலை என் வழிகாட்டியிடம் காட்ட வேண்டிய ஒரு நிரூபணம் என் முன்னால் பாதியில் கிடந்தது. அது தவறு என்று எனக்குத் தெரியும். எங்கே தவறு என்று தெரியவில்லை. அவளிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

நோட்டைப் படித்துவிட்டதால்தான் அவளுக்குச் சிக்கல் வந்தது. கேட்ட காகிதம் கேட்ட நிமிடத்தில் வருகிறது என்று ஆனதும் அவளை அந்த அறையைவிட்டு மாற்ற யாருக்கும் மனம் இல்லை. பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டு இரண்டு தரம் எழுதினாளாம். "நீ போயிட்டா இந்த ரூமை யாரு தாயி பாப்பா? ஒங்க அப்பா இருந்த மாதிரியே இருக்கு" என்று அன்போடு சொல்லிக் கிடப்பில் போட்டார்கள். மூன்றாம் தரம் அவள் எழுதவில்லை. போன் பேச்சும் மெல்ல நின்றுபோனது. சண்டை ஒன்றும் இல்லை.

போன ஆனி மாதம் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் நிலத்துப் பட்டாவில் தாத்தா பெயர் தப்பாக ஏறியிருந்தது. கணினியில் இருப்பதே தப்பு என்பதால் பழைய பதிவேட்டின் நகல் வேண்டும் என்றார்கள். எங்கள் வட்டம் பிரிவதற்கு முந்தைய பதிவேடுகள் தென்காசியில், அவள் அறையில்தான் இருந்தன.

நான் போனபோது அவள் மேசை முன்னால் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் மகள், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில். அது அவளுடைய பிரிவு வேலை அல்ல. ஆனாலும் இந்த மாதிரி வருகிறவர்களை அவளிடம் அனுப்பிவிடுகிறார்கள் என்று தெரிந்தது.

"பதறாதீயம்மா. ஒரு கெடு இருக்கு, வாஸ்தவம். ஆனா அதுக்குள்ள ஒங்க பையனுக்கு வயசு வந்துருமான்னு மொதல்ல பாக்கணும். பிறந்த தேதி சொல்லுங்க." ஒரு தாளை எடுத்தாள். நடுவில் கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் ஒரு தேதி. "வந்துரும். நாலு மாசம் மிச்சமே இருக்கு. இப்ப மனு மட்டும் போடுங்க. ஏட்டி, நீ காலேஜை விட்டுறாத என்ன?"

அவர்கள் போனதும் என்னைப் பார்த்தாள். "வால. எப்ப வந்த? மெலிஞ்சு போயிட்ட?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "பழைய குத்தாலம்" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினாள். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. தாத்தா பெயர் அதில் சரியாக இருந்தது.

நகலுக்கு அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, "நான் அன்னைக்கு..." என்றேன்.

"தெரியும்ல" என்றாள். எழுதுவதை நிறுத்தவில்லை.

"எப்பத்துல இருந்து?"

"சேந்த மொத நாளே. அந்த அண்ணாச்சியே கேட்டாரு. ஒங்கூடப் படிச்ச பையன்ட்ட அவ்வளவு வெவரமாச் சொல்லிவிட்டேனே தாயி, ஏன் அவசரப்பட்டன்னு."

அதற்குப் பிறகும் என்னோடு போனில் பேசியிருக்கிறாள். தேனருவியும் செண்பகாவும் சொன்னது எல்லாம் தெரிந்த பிறகுதான்.

"ஒண்ணும் கேக்கலையே நீ."

"கேட்டா என்ன சொல்லிருப்ப? நீ சொல்லியிருந்தாலும் நான் வேலையிலதான் சேந்திருப்பேன்னு நெனைச்சுக்கோ. ஒனக்கு அது வசதி." முத்திரை வைத்தாள். "ஆனா நான் போயிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விடையைச் சரிபார்த்துச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"தம்பி?" என்றேன், எதையாவது கேட்க வேண்டும் என்று.

"கோயம்புத்தூர்ல இஞ்சினியரிங். கடைசி வருசம். இந்த ஆபீஸ் பக்கமே வர மாட்டேங்குதான்." நகலை மடித்து என் கையில் வைத்தாள். "அம்மைக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லல, நீயும் சொல்லாத. நீ ஊருக்கு வந்திருக்கன்னு தெரிஞ்சா விட மாட்டா. மத்தியானம் வீட்டுக்கு வா. நானும் சாப்பாட்டுக்கு வருவேன்."

போகாமல் இருந்திருக்கலாம். பேருந்து நிலையம் வரை நடந்தேன். வீரகேரளம்புதூர் பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். இலை போட்டு, எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார். "அன்னைக்கு ஆம்பளை இல்லாத வீடாக் கெடந்தோம். நீதானய்யா ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்த. ஒம் படிப்பு நல்லா வரும். எங்க வீட்டு மனுசன் ஆசீர்வாதம் ஒனக்கு உண்டு" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் அவியலைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, அவன் இலையப் பாரு, காலியாக் கெடக்கு" என்றாள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டாய்யா?"

"வைங்க" என்றேன்.